மலை ஓரத்துக் கோடு

முட்டி போனதும் நான் ஆடிக்கொண்டிருந்த கம்பெனி அணி என்னைக் கழற்றிவிட்டது. எழுபதுகளின் கடைசியில் திருவண்ணாமலைக்கே திரும்பி வந்து, கிரிவலப் பாதையை ஒட்டிய ஒரு புறம்போக்கு நிலத்தில் உள்ளூர் ஆட்களுக்குக் கால்பந்து சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தேன். பஸ் கண்டக்டர், லாட்ஜ் சிப்பந்தி, குருக்கள் வீட்டுக்காரர் ஒருவர் என்று கலந்துகட்டிய கூட்டம். எல்லோரும் வேலைக்குப் போக வேண்டியவர்கள், அதனால் விடிகிற நேரத்தில்தான் பயிற்சி. எனக்குக் கோபம் ஜாஸ்தி, பொறுமை கம்மி. அதையும் சகித்துக்கொண்டு வந்தார்கள்.

மலையைச் சுற்றுகிறவர்கள் பாதையின் இடது பக்கமாகவே நடப்பார்கள். வலது பக்கம், அதாவது மலை ஓரம், கண்ணுக்குத் தெரியாமல் சுற்றிவரும் சித்தர்களுக்கு. அந்த வழக்கத்தை என் ஆட்கள் மைதானத்துக்குள்ளும் கொண்டுவந்திருந்தது எனக்குப் புரியச் சில மாதம் ஆனது. மலைப்பக்கத்துச் சுண்ணாம்புக் கோட்டை ஒட்டி நாலடி அகலத்துக்கு ஒருத்தரும் கால் வைக்க மாட்டார்கள். மற்ற இடமெல்லாம் மண் தெரிந்தது, அங்கே மட்டும் புல் கணுக்கால் உயரம். திட்டித் தீர்த்தேன். தலையாட்டிவிட்டு மறுபடி உள்ளேயே ஓடினார்கள்.

வலது ஓரத்தில் ஆடியவன் கீழ்பென்னாத்தூர் வேர்க்கடலை மண்டியில் மூட்டை தூக்குகிறவன். முதல் பஸ்ஸில் வந்துவிடுவான். அவனைப் போல ஓடுகிறவனை நான் ஆடிய அணிகளிலும் பார்த்ததில்லை. வேலூர்ப் பக்கத்து அணி ஒன்று எங்களோடு ஆட வந்தபோது அவனை நம்பித்தான் இருந்தேன். அதில் ஜெயித்தால் முட்டி போனவனும் உருப்படியாக ஏதோ செய்திருக்கிறான் என்று ஊர் ஒத்துக்கொள்ளும், அவ்வளவுதான் என் ஆசை.

கடைசி நிமிடம். கோட்டை ஒட்டி ஓடு என்று நான் கத்த, அன்றுதான் முதல்முறையாக அந்தப் புல்லில் இறங்கினான். எதிரே கோல்கீப்பர் மட்டும். சட்டென்று வேகத்தைக் குறைத்து இடது பக்கம் ஒதுங்கி நின்றான். பந்து தானாக உருண்டு வெளியே போயிற்று. ஒரு கோலில் தோற்றோம்.

ஏன் நின்றாய் என்று கேட்டேன்.

"பின்னால ஆள் வந்தாங்க சார். வழி விட்டேன்."

அத்தனை பேர் முன்னாலும் வாய்க்கு வந்தபடி பேசி, இனி வராதே என்று துரத்தினேன். அவன் பஸ் ஏறிப் போனான்.

மறுநாள் மற்றவர்களின் பயத்தைத் தெளிவிப்பதற்காக நானே பந்தோடு அந்தப் புல்லில் இறங்கினேன். பனி வெள்ளையாகப் படிந்திருந்தது. பத்தடி போயிருப்பேன், வலது பக்கம் பின்னாலிருந்து காலடி கேட்டது. நம் ஆட்களில் யாரோ கூட ஓடிவருகிறான் என்றுதான் நினைத்தேன். மூச்சு வாங்கும் சத்தம் தோளுக்கு அருகில் வந்தது. திரும்பினால் யாருமில்லை. பனியில் என் ஷூ தடம் மட்டும் கறுப்பாகக் கிடந்தது. காலடி நிற்கவில்லை. என் கால் என்னைக் கேட்காமலே இடது பக்கம் ஒதுங்கியது. பந்து உருண்டு வெளியே போனது.

பத்துப் பேரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஒருத்தரும் சிரிக்கவில்லை, சிரித்திருந்தால் தேவலை என்றிருந்தது. எனக்குப் பயத்தைவிட வெட்கம் அதிகமாக இருந்தது.

அன்றே கீழ்பென்னாத்தூர் போனேன். மண்டியில் முதுகில் மூட்டையோடு நின்றான். நடந்ததைச் சொல்லி, தப்பு என்னுடையது, வந்துவிடு என்றேன். அவன் மூட்டையை இறக்காமலே கேட்டான்.

"ஷூ சத்தமா சார், வெறுங்காலா?"

"வெறுங்கால்."

"எனக்கும் அதான் சார்" என்றான். பிறகு மூட்டையை இறக்கி வைத்தான்.

மறுநாள், முதல் பஸ் வருவதற்குள் சுண்ணாம்பு வாளியோடு போய், கோட்டை நாலடி உள்ளே தள்ளிப் போட்டேன்.