ஒரு செற் கிற்றார் கம்பி

வியாழக்கிழமை காலை அன்ரன் போனில் கோல் எடுத்தான்.

"சேர், கொழும்புக்குப் போறீங்கதானே? கிற்றார் கம்பி ஒரு செற் வாங்கிட்டு வாங்க. இருக்கிறதுக்குள்ள நல்லதாப் பாத்து. அண்ணன் திரும்பிப் போறதுக்குள்ள மாட்டணும்."

ஓம் என்று சொல்லிவிட்டேன். வேறென்ன சொல்ல? கையிலிருந்த பிளேன்ரீ ஆறிப்போனது. குடிக்க மனம் வரவில்லை.

அன்ரன் கற்பிட்டிப் பக்கம் ஆலங்குடாவில் டொல்பின் பார்க்க வருகிறவர்களைப் போட்டில் கூட்டிப்போகிறவன். போன சீசனில் நானும் போனேன். டொல்பின் ஒன்றும் வரவில்லை... அன்ரன்தான் வந்து ஒட்டிக்கொண்டான். நான் கொஞ்சம் கிற்றார் தட்டுகிற ஆள் என்று வாய்தவறிச் சொன்னதும், விடாப்பிடியாக வீட்டுக்கு இழுத்துப்போய் அலுமாரிக்கு மேலிருந்து ஒரு பெட்டியை இறக்கினான்.

உள்ளே ஒரு பழைய ஆர்ச்ரொப் கிற்றார். கடைகளில் தொங்குவதுபோல் முகம் தட்டையாக இல்லை. நடுவில் மெல்ல மேடு தட்டியிருக்கும். வட்ட ஓட்டைக்குப் பதிலாக, வயலினில் இருப்பதுபோல் இரண்டு வளைந்த வெட்டுகள். தேன் நிறம். ஒரு கீறல் இல்லை. இந்த வகையை நான் படத்தில்தான் பார்த்திருந்தேன். ஒரு கம்பியைச் சுண்டினேன். குசினியிலிருந்து அன்ரனின் மனைவி எட்டிப் பார்த்தாள் - அப்படி ஒரு சத்தம்.

அது அண்ணன் றெஜியுடையது. சிலாபம் பக்கம் கல்யாண வீடுகளில் பைலாப் பாட்டுக்குக் கிற்றார் வாசித்தவர். கொழும்பில் ஹோட்டல் பாண்டில் வாசித்த ஒருவர் அவுஸ்திரேலியாவுக்குப் போகும்போது அவரிடம் கொடுத்தாராம். பிறகு றெஜியும் இத்தாலிக்குப் போய்விட்டார். போகும்போது தம்பியிடம் சொன்னது இவ்வளவுதான் - "இதப் பாத்துக்கொள்."

பார்த்துக்கொண்டான். என்னைத் தவிர ஒருவரையும் தொடவிடவில்லை.

"அண்ணன் நத்தாருக்கு வாறார், சேர். இதுல அவர் வாசிக்கிறத இன்னொருக்காக் கேக்கணும். எனக்கு வேற ஒண்டும் வேணாம்."

இங்கேதான் என் வாய் சும்மா கிடக்கவில்லை. எல்லாம் யூடியூப் பார்த்து வந்த அறிவு.

"அருமையான சாமான் அன்ரன். நல்ல கண்டிஷன்ல இருக்கு. ஆனா உப்புக்காத்து பொல்லாதது. மரத்துக்குள்ள இறங்கிச்செண்டா அவ்வளவுதான்."

ஆலங்குடாக்காரனுக்கு உப்புக்காற்றைப் பற்றி நான் வகுப்பெடுக்கிறேன்! எனக்கு ஏன் இந்த வேலை?

நத்தாருக்கு மறுநாள், டிசம்பர் இருபத்தாறு, என்னையும் கூப்பிட்டான். றெஜி கதிரையில் உட்கார்ந்திருந்தார், தலை நரைத்து, இத்தாலிக் குளிருக்கு வெளுத்துப்போய். அன்ரன் பெட்டியைத் திறந்தான். கிற்றார் கண்ணாடி மாதிரி மின்னியது.

"ரெசின் அடிச்சிருக்கன் அண்ண. போட்டுக்கு அடிக்கிறது. பிரஷ்ஷத் தடியில கட்டி உள்ளுக்கும் விட்டு நல்லா மொத்தமா அடிச்சன். இனி உப்புக்காத்து ஒண்டும் செய்யாது." பிறகு பெருமையோடு என்னைக் காட்டினான். "சேர்தான் சொன்னவர்."

பைபர் போட்டில் வெடிப்பு விழுந்தால் பூசுவார்களே, அதே ரெசின். காய்ந்தால் கல். கம்பியோடு சேர்ந்து அதிரவேண்டிய மரம் இனி அசையாது. கடல்தண்ணீரே உள்ளே வராது... பிறகு சத்தம் எப்படி வெளியே வரும்?

றெஜி அதை மடியில் வைத்தார். கம்பியை முறுக்கிச் சுருதி பார்த்தார். வாசித்தார். மேசையில் விரலால் தட்டியதுபோல் ஒரு டொக். இன்னொரு தடவை வாசித்தார். அதே டொக். அவருடைய கை அப்படியே நின்றுவிட்டது.

அன்ரன் வாசலில் நின்றான், முகமெல்லாம் சிரிப்பாக.

"நல்லா வச்சிருக்கிறாய் தம்பி" என்றார் றெஜி. "கம்பிதான் பழசாப் போச்சு. மாத்தினாச் சரி."

பிறகு பாடினார். கிற்றார் கேட்காத குறையையும் சேர்த்துத் தொண்டை கிழியப் பாடினார். நடுவில் ஒருதடவை அவர் கண் என் பக்கம் வந்தது. நான் கூரையைப் பார்த்தேன்.

நம் வீடுகளைப் பாருங்கள். ரிமோட்டுக்குப் பொலித்தீன் சுற்றி, பட்டன் அமுங்காமல் திட்டுவோம். புதுச் செற்றியின் உறையைக் கழற்றாமல் அதிலேயே உட்கார்ந்து வியர்த்து வழிவோம். பழுதாகிவிடும் என்ற பயத்தில் நாமே பழுதாக்குவது நமக்குப் புதிதா என்ன? ஆனால் அன்ரனைக் குற்றம் சொல்ல எனக்கு வாயில்லை. அவன் தனக்குத் தெரிந்த மிக நல்ல வேலையை, தனக்கு மிகவும் பிடித்த ஆளுக்காகச் செய்தான். பயத்தைக் கொடுத்தது நான். "சும்மா அப்படியே வை" என்று சொல்லிவிட்டு வந்திருக்கலாம். அந்த ஒரு வரி அன்றைக்கு வரவில்லை.

புதுக் கம்பி மாட்டியதும் அன்ரன் பக்கத்தில் வந்து உட்காருவான், காது கொடுத்துக் கேட்க. அப்போது எதைப் பழசு என்று சொல்வது?

கம்பி வாங்கிவிட்டேன். கற்பிட்டி பஸ்ஸில் ஏறத்தான் கால் வரவில்லை.