நான்காம் சரணத்திற்கு வெறுந்திரை

எங்கள் ஆலயத்தின் ஆண்டு மலரில், அறுப்பின் பண்டிகையன்று நான்காம் சரணத்தின்போது திரை வெறுமையாயிருந்ததற்குப் படவீழ்த்தியின் பழுதே காரணம் என்று அச்சிட்டுள்ளனர். கருவி செவ்வனே இயங்கிற்று. திரையை வெறுமையாக விட்டவர் எங்கள் உபதேசியார். விட நேர்ந்ததோ என் பிழையால். இவ்விரண்டையும் அறிந்தவன் என்பதால் இதை எழுதிவைப்பது என் கடன்.

உபதேசியார் கொல்லிமலையில் ஆலத்தூர் நாட்டுச் சிற்றூர்களுக்கு நடந்தே சென்று ஊழியம் செய்தவர். தோள்பையில் வேதாகமத்தோடு ஒளிப்படக் கருவியும் இருக்கும். ஒரு பறவைக்காகப் பாறைமேல் அரைநாள் அமர்ந்திருப்பார். நன்றிக் கீர்த்தனை ஒன்றின் ஒவ்வொரு சரணத்திற்கும் இம்மலையின் ஒரு படத்தைத் திரையிட்டு, சபையார் அதைப் பார்த்தபடி பாடவேண்டும் என்பது அவருடைய நெடுநாள் விருப்பம். அதற்கென ஓராண்டு முழுவதும் படமெடுத்தார். சொல்லுக்குப் படம் பொருத்தும் பணியை, ஓய்வுபெற்ற தமிழாசிரியனாகிய என்னிடம் விட்டார். முகிலுக்கும் அருவிக்கும் இடர்ப்பாடில்லை. விளைந்த கதிர் தலைவணங்குவதைப் பாடும் நான்காம் சரணத்திற்கு, ஆலயத்தை அடுத்த சாமைக் காட்டின் படத்தைத் தேர்ந்தேன். பனித்துளியின் கனத்தில் கதிர்கள் ஒருபுறமாகச் சாய்ந்திருக்கும். அதனினும் பொருத்தமான படம் வேறில்லை என்று இன்றும் சொல்வேன்.

பண்டிகைக்கு முந்தைய நாள் பிற்பகலில் ஒத்திகை பார்த்தோம். ஆடுகளை ஓட்டிக்கொண்டு வழியே சென்ற, அச்சாமைக் காட்டுக்கு உரிய அம்மையார், திறந்திருந்த கதவருகில் நின்று திரையை நோக்கினார். படமெடுக்க இசைந்தவர் அவரே. ஆலயத்தில் காட்டப்போவதை நாங்கள் சொல்லியிருக்கவில்லை.

"ஏனுங்க, எங்க சாமிக்கு இன்னும் புதுசு வெக்கலைங்க. அதுக்குள்ள உங்க சாமிக்குக் கதிரக் காட்டிப்போட்டீங்களா?"

முதற்கதிரைத் தம் தெய்வத்திற்குப் படைக்குமுன் வேறெங்கும் கொண்டுசெல்லாமை அவர்கள் வழக்கம். அதை அறிந்திருந்தும், படம் கதிராகாது என்று வாதிட்டேன். உருவுக்கும் பொருளுக்குமுள்ள வேறுபாட்டை விரித்துரைத்தேன். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"கதிரில்லீன்னா, அதப் பாத்து எதுக்குங்க கும்பிடப் போறீங்க?"

உபதேசியார் அப்படத்தை நீக்கிவிட்டார். வேறு காட்டின் படத்தையேனும் வைக்கலாமே என்றேன். "எந்தக் காட்டுலயும் இன்னும் புதுசு வெக்கலீங்களே, வாத்தியாரே. அவுங்க வரிசையில நிக்கறாங்க. நாம ஊடால பூந்துட்டோம்" என்று சிரித்தார். ஓராண்டு உழைப்பு குறைபட்டதே என்னும் வருத்தம் எனக்குத்தான் மிகுதி. மறுநாள் நான்காம் சரணம் வந்தபோது திரையில் வெண்ணிற ஒளி மட்டுமே நின்றது. பழுதென்று கருதிய சபையார், உபதேசியாரைத் தேற்றுவார்போல் உரக்கப் பாடினர்.

சில கிழமைகள் கழித்து அம்மையார் ஒரு தூக்குப்போசியில் புதுச்சாமைப் பொங்கலோடு வந்தார். "புதுசு வெச்சாச்சுங்க. இப்பக் காட்டுங்க, பாக்கலாம்."

உபதேசியார் படத்தைத் திரையிட்டு, அந்த ஒருவருக்காக நான்காம் சரணத்தை முழுவதும் பாடினார். அம்மையார் திரைக்கு மிக அருகில் சென்று பார்த்தார்.

"நல்லாத்தான் இருக்குது. களையோட எடுத்துப்போட்டீங்களே. முன்னாலயே சொல்லியிருந்தா புடுங்கி வெச்சிருப்பனுங்க."

அதுவரை அக்களை எங்கள் இருவர் கண்ணிலும் பட்டதில்லை. உபதேசியார் இப்போது மலையடிவாரத்தில் புளியஞ்சோலைப் பக்கம் பணியாற்றுகிறார். அவர் சட்டமிட்டுத் தந்த அப்படம் என் அறைச் சுவரில் இருக்கிறது. நோக்கும்போதெல்லாம் கண் முதலில் களைக்கே செல்கிறது. அது இன்ன களையென இன்னும் அறியேன். அறிந்தோர் தெரிவிக்க வேண்டும். புதுசு வைக்கும் முறையை நான் பிழைபட எழுதியிருப்பின் மலைமக்கள் திருத்தித் தரவும் வேண்டுகிறேன்.