கண்ணாடிக் கூண்டில் கேட்ட சொல்

சுஜானி கதை கட்டுகிற ஆள் இல்லை. இத்தாலியின் பலெர்மோ நகரில் அவளைத் தெரிந்த யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். இது அவளுக்கு நடந்தது. அதுவும் பட்டப்பகலில், ஒரு மண்டபம் நிறைய ஆட்கள் இருக்கும்போது.

வியா மக்வேதா என்ற வீதிக்குப் பின்னால் ஒரு பழைய மாளிகையில் கூட்டம். தென்துருவம் எந்த நாட்டுக்கும் சொந்தமில்லை. பல நாடுகள் சேர்ந்துதான் அதைக் காக்கின்றன. அவற்றில் ஒரே ஒரு நாடு ‘வேண்டாம்’ என்றாலும் முடிவு செல்லாது. அன்றைய கேள்வி ஒன்றுதான். அங்கே நெடுங்காலமாக மூடிவைத்திருக்கும் ஒரு பள்ளத்தாக்கைச் சுற்றுலாக் கப்பல்களுக்குத் திறந்துவிடுவதா?

எல்லோரும் சம்மதம் என்றுதான் பேச்சு.

சுஜானிக்கும் அவளோடு வேலை செய்யும் றொனிக்கும் அங்கே ஒலிக்கருவி வேலை. பின்சுவரோரம் மொழிபெயர்ப்பாளர்களின் கண்ணாடிக் கூண்டுகள். கடைசிக் கூண்டில் யாருமில்லை. ஆனால் உள்ளே மைக்கின் சிவப்பு விளக்கு எரிந்தது.

“அண்ணை, நிப்பாட்டிப்போட்டு வாறன்.”

“ஓம். கெதியா வா. தொடங்கப்போகினம்.”

உள்ளே போனாள். கதவு தானாகச் சாத்திக்கொண்டது. பொத்தானை அழுத்தினாள். விளக்கு அணையவில்லை. றொனியைக் கூப்பிடலாம் என்று திரும்பினாள்.

கதவு திறக்கவில்லை.

தட்டினாள். குத்தினாள். சத்தம் வெளியே போகாதபடி கட்டிய கூண்டு அது. கண்ணாடிக்கு அப்பால் வரிசையாக முதுகுகள். ஒருவரும் திரும்பவில்லை. றொனி குனிந்து ஏதோ வயரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

குளிர்ந்தது. ஜூன் மாதத்தில்... அவள் மூச்சு புகையாக வந்தது.

ஹெட்போனை மாட்டிக்கொண்டு மைக்கில் கத்தினாள்.

“றொனி அண்ணை!”

காதில் அவள் குரல் வரவில்லை. காற்று வந்தது. ஊ... ஊ... அதற்குள் உறைபனியில் யாரோ நடக்கிற சத்தம்.

சறக்... சறக்...

கிட்ட வந்தது. நின்றது.

தூரத்தில் கூட்டத் தலைவி மைக்கை நோக்கிக் குனிந்தாள். எதிர்ப்பு உண்டா என்று கேட்கிறாள்.

பக்கத்து நாற்காலி கிறீச்சிட்டது.

சுஜானி திரும்பவில்லை. திரும்ப முடியவில்லை.

கழுத்தில் ஈரமூச்சு.

“வேண்டாம்.”

தமிழில்.

மண்டபம் முழுவதும் ஒரேயடியாகத் திரும்பியது. அவளைப் பார்க்கவில்லை. அவளுக்குப் பக்கத்தில் பார்த்தார்கள்.

கதவு மெல்லத் திறந்தது.

றொனி ஓடிவந்தான். முகத்தில் இரத்தமில்லை. “ஆரடி உன்னோடை இருந்தது? தமிழிலை கதைச்சது ஆர்?”

பள்ளத்தாக்கைத் திறக்கும் பேச்சை அன்றே கைவிட்டார்கள்.

மாலையில் வயர்களைச் சுருட்டும்போது கூட்டத்துக்கு வந்திருந்த நோர்வேக்காரக் கிழவர் ஒருவர் அவளிடம் வந்தார். அவர் பேசிய இத்தாலியன் தடுமாறியது.

“உனக்கு உன் மொழியில்தானே கேட்டது?”

“ஓம்... சி.” ‘ஆம்’ என்பதை இத்தாலியனில் திருத்திச் சொன்னாள்.

“எனக்கு என் மொழியில். அவரவருக்கு அவரவர் மொழியில். நான் இதை முன்பும் கேட்டிருக்கிறேன்.”

இளமையில் அவர் தென்துருவத்தில் ஓர் ஆய்வு நிலையத்தில் இருந்தார். நான்கு பேர் அந்தப் பள்ளத்தாக்குக்குப் போய்த் திரும்பவில்லை. தேடப் புறப்பட்ட வேளையில் ரேடியோவில் அந்த ஒரே சொல் வந்தது. திரும்பத் திரும்ப வந்தது.

“காணாமல்போன அந்த நால்வரும்தான் எங்களைத் தடுக்கிறார்கள் என்று நினைத்தோம். போகாமல் விட்டோம்.”

கீழே கிடந்த ஒரு வயரை எடுத்து அவளிடம் நீட்டினார்.

“கோடையில் கிடங்கைத் துப்புரவாக்கினோம். அவர்கள் கொண்டுபோனதாக நாங்கள் நினைத்த ரேடியோ அங்கேதான் இருந்தது. பெட்டியைக்கூடப் பிரிக்கவில்லை.”