தலைப்பக்காவும் இடம் மாறிய கல்லீரலும்

எங்கள் கல்லூரியில் அவருக்குத் தலைப்பக்கா என்று பெயர். வைத்தது நான்தான் என்று எல்லோரும் சந்தேகிக்கிறார்கள், நான் மறுக்கவில்லை. நூலகத்து மாடிப்படிக்கு அடியில், குனிந்து நுழைய வேண்டிய ஒரு அறை அவருடையது. ஆசிரியர்கள் அனுப்பும் பாடக் குறிப்புகளை, பார்வையில்லாத பிள்ளைகளும் எழுத்துகள் குழம்பித் தெரிகிற பிள்ளைகளும் படிக்கும்படி கம்ப்யூட்டரில் மாற்றித் தருவது அவர் வேலை. எழுத்தைப் பெரிதாக்கிக் கறுப்பாக்கிவிட்டால் அது தலைப்பாகிவிடும் என்று நினைத்திருந்த என்னைப் போன்றவர்களை அவர் லேசில் விடமாட்டார்.

"சார், இது வெறும் தடிச்ச எழுத்து. இதான் தலைப்புன்னு கம்ப்யூட்டருக்குச் சொல்லி வைக்கணும். அப்பதான் அது படிக்கறதக் கேக்கற புள்ளைங்க ஒரு பாடத்துலேருந்து இன்னொண்ணுக்குத் தாவிப் போக முடியும். இல்லன்னா மூணாவது பாடம் வேணும்னா மொதல் பக்கத்துலேருந்து கேட்டுட்டு வரணும்."

வாரம் ஒருமுறையாவது யாராவது ஒரு பேராசிரியர் இந்தப் பாட்டை வாங்கிக்கொண்டு போவார். எல்லோருக்கும் அவர் அக்கா. என்னைவிட ஆறு வயது இளையவர் என்பது வேறு விஷயம்.

நான் பிசியோதெரபி மாணவர்களுக்கு உடற்கூறு நடத்துகிறவன். கோபக்காரன் என்று பெயர் எடுத்தவன், அதையும் மறுக்கவில்லை. என் குறிப்புகள் இருநூற்றுப் பன்னிரண்டு பக்கம், எல்லாம் கையால் எழுதி ஸ்கேன் செய்தவை. எங்கள் முதலாண்டில் பார்வையில்லாத ஒரு மாணவி சேர்ந்த பிறகு, அக்கா என்னை அறைக்கு அழைத்தார். திரையை அணைத்துவிட்டு என் குறிப்புகளை வாசிக்க விட்டார். "படம். படம். படம்" என்று இயந்திரக் குரல் சொல்லிக்கொண்டே போனது.

"உங்க பாடம் அந்தப் பொண்ணுக்கு இப்படித்தான் சார் கேக்குது."

அதற்குள் அவள் என் தேர்வில் ஒருமுறை தோற்றிருந்தாள். அதே பாடத்தில் இரண்டாம் முறையும் தோற்றால் படிப்பை விட்டுப் போக வேண்டும் என்பது எங்கள் கல்லூரி விதி.

அக்கா இந்த வேலைக்குப் படித்து வந்தவர் அல்ல. அச்சகத்தில் எழுத்துகளை அடுக்கிப் பக்கம் கட்டியவர், பிறகு தேர்வுப் பிரிவில் பதினோரு வருடம் தட்டச்சு செய்தவர். அங்கே மேலாளரை எதிர்த்துப் பேசியதற்குத் தண்டனையாக மாடிப்படிக்கு அடியில் தள்ளினார்கள் என்று கேள்வி. அந்த மேலாளருக்கு நான் நன்றிக் கடிதமே எழுதலாம். மூன்று மாதத்தில் என் கோழிக் கிறுக்கல் முழுவதையும் தட்டச்சு செய்து, அட்டவணைகளை ஒழுங்காக்கி, தொண்ணூற்று நான்கு படங்களுக்கும் விளக்கம் எழுதிவிட்டார்.

விளக்கம் சரியா என்று பார்க்க அவருக்கு ஒரு வழி இருந்தது. அவர் கணவர் பேருந்து ஓட்டுநர். பேருந்து நிலையத்தில் அடுத்த நடைக்குக் காத்திருக்கும் நேரத்தில், அக்கா போனில் விளக்கத்தை வாசிப்பார். கணவர் பழைய தாளின் பின்பக்கம் அதைக் கேட்டபடி வரைவார். வீட்டுக்கு வந்ததும் மூலப் படத்தோடு ஒத்துப் பார்ப்பார்கள். ஒத்துவராவிட்டால் அக்கா விளக்கத்தைத் திருத்துவார். "வீட்ல நான் பேசினா காதுல வாங்கறதே இல்ல. இப்ப என்னடான்னா மண்ணீரலப் பத்திப் பேச போன் பண்றா" என்று அந்த மனிதர் புலம்புவாராம். ஆனால் ஒரு படம்கூட விடாமல் வரைந்தார்.

வேலை முடிந்த கோப்பை அக்கா எனக்கு மின்னஞ்சலில் அனுப்பி, சரிபார்த்துச் சொல்லும்படி கேட்டார். "எல்லாம் சரி" என்று பதில் போட்டேன். அந்தக் கோப்பை நான் திறக்கவே இல்லை.

தேர்வுக்குப் பன்னிரண்டு நாள் முன்பு செய்முறை வகுப்பு. உறுப்புகளைக் கழற்றி மாட்டக்கூடிய ஒரு மனித பொம்மை எங்களிடம் உண்டு. மாணவி கல்லீரலைக் கையில் எடுத்துத் தடவி, சரியாகப் பெயர் சொல்லி, பொம்மையின் இடப்பக்கத்தில் மாட்டப் பார்த்தாள். வகுப்பு சிரித்தது. எனக்குச் சுர்ரென்று ஏறியது.

"ரெண்டாவது தடவ படிக்கிற. கல்லீரல் எந்தப் பக்கம்னுகூடத் தெரியாதா?"

"நோட்ஸ்ல இடது பக்கம்னுதான் சார் இருக்கு."

"எந்த மடையன் எழுதின நோட்ஸ்?"

"உங்க நோட்ஸ்தான் சார்."

அவள் துடுக்காகச் சொல்லவில்லை, அவளுக்குத் தெரிந்ததைச் சொன்னாள். நான் நேராக மாடிப்படி அறைக்குப் போய்க் கத்தினேன். அக்கா உடனே கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினார். கல்லீரல் படத்தைத் திறந்தவர் முகத்தில் ரத்தம் வற்றிப்போனது. படத்திலிருக்கும் மனிதன் நம்மைப் பார்த்து நிற்கிறான். அவனுடைய வலப்பக்கம், பார்க்கிற நமக்கு இடப்பக்கம். அக்கா தாளில் கண்டதை எழுதியிருந்தார். அவர் கணவரும் தாளில் இடப்பக்கமே வரைந்திருந்தார். படம் அச்சு அசலாகப் பொருந்தியிருந்தது. சோதித்துப் பார்த்தவருக்கும் கண் இருந்ததுதான் கோளாறு. படத்தையே பார்க்காதவளோ இடது என்றதும் தன் உடம்பின் இடப்பக்கத்தைத் தொட்டுப் படித்திருக்கிறாள். தொண்ணூற்று நான்கு படங்களையும் அப்படித்தான் படித்திருக்கிறாள்.

கோபம் தணியாமல் என் அறைக்குத் திரும்பி அந்தப் பழைய மின்னஞ்சலைத் தேடி எடுத்தேன். கோப்போடு அக்கா ஒரு கேள்வியும் அனுப்பியிருந்தார்: "சார், இடது வலது என்று நான் எழுதியிருப்பது பார்க்கிறவருடைய பக்கம். உடம்புக்காரருடைய பக்கத்தை எழுத வேண்டுமா?" அதற்குக் கீழே என் பதில், இரண்டே சொல். கன்னத்தில் அறைந்தாற்போல் இருந்தது.

மறுபடி இறங்கிப் போனபோது மாணவி அங்கே உட்கார்ந்திருந்தாள். "தப்பு என்னோடதுதான் கண்ணு. சார இன்னொரு தடவ கேட்டிருக்கணும்" என்று அக்கா சொல்லிக்கொண்டிருந்தார். நான் குறுக்கே புகுந்து, அக்கா கேட்டும் கோப்பைத் திறக்காமலே பதில் போட்டது நான்தான், தப்பு என்னுடையது என்று மாணவியிடமே சொன்னேன். மறுநாள் வகுப்பிலும் சொன்னேன். இருபத்திரண்டு வருடத்தில் என் வாயிலிருந்து அப்படியொரு வாக்கியம் வந்ததில்லை. பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"என் பதில ஏன் அப்பவே எடுத்துக் காட்டல?" என்று அன்றே, மாணவி போனதும், அக்காவைக் கேட்டேன்.

"காட்டி என்ன சார் ஆகப்போகுது? பன்னெண்டு நாள்தான் இருக்கு. உக்காருங்க. இல்ல, வேண்டாம், நில்லுங்க."

இடது என்ற இடத்திலெல்லாம் வலது என்று மாற்றிவிட்டால் வேலை முடிந்தது என்று நான் நினைத்தேன். அக்கா ஒப்பவில்லை. படத்தையே மறந்துவிட்டு, கேட்கிறவளின் உடம்பிலிருந்தே எழுத வேண்டும் என்றார். என்னை நிற்கவைத்து ஒவ்வொரு உறுப்பும் எங்கே என்று கேட்டார். "இதோ, இங்க" என்றேன். "இங்கன்னா எங்க சார்?" இவ்வளவு காலமாக விரலை நீட்டியே பிழைப்பை ஓட்டியிருக்கிறேன் என்று அப்போதுதான் தெரிந்தது. திணறித் திணறிச் சொன்னேன். அவர் எழுதினார்: "வல உள்ளங்கையை வலப்பக்கத்துக் கீழ் விலா எலும்புகளின் மேல் வையுங்கள். அவற்றுக்குப் பின்னால் இருப்பது கல்லீரல். அதன் ஒரு நுனி நடுக்கோட்டைத் தாண்டிக் கொஞ்சம் இடப்பக்கம் நீளும்."

எழுதி முடித்ததும் திரையை அணைத்து, கண்ணை மூடி, கேட்டபடி தன் உடம்பைத் தொட்டுப் பார்ப்பார். கை தடுமாறினால் அழித்துவிட்டு மறுபடி எழுதுவார். கணவருக்கும் வரைகிற வேலை ரத்தாகி, தொடுகிற வேலை வந்தது. "நிலையத்துல எல்லாரும் எனக்கு வயித்து வலின்னு நெனச்சு மாத்திர குடுக்கறாங்க" என்று அவர் சொன்னது போன் வழியே எனக்கே கேட்டது. ஒன்பதாம் நாள் தொண்ணூற்று நான்காவது படமும் முடிந்தது. முடிய முடிய மாணவி வாங்கிப் படித்துக்கொண்டிருந்தாள். இவ்வளவு பிடிவாதமாக உழைக்கிற இன்னொருவரை நான் பார்த்ததில்லை.

தேர்வன்று வெளியிலிருந்து ஒரு மருத்துவர் அம்மா வந்திருந்தார். நான் பக்கத்தில் உட்காரலாம், வாய் திறக்கக்கூடாது. பொம்மையில் எல்லாம் கேட்டு முடித்தவர், எழுந்து மாணவிக்கு எதிரே வந்து நின்றார்.

"இப்ப என் உடம்புல காட்டும்மா. கல்லீரல் எங்க?"

நாங்கள் எழுதியதெல்லாம் அவரவர் உடம்பைப் பற்றி. எதிரில் நிற்கிறவர் உடம்பைப் பற்றி ஒரு வரி கிடையாது. மாணவியின் கை முதலில் தன் வலது விலாவுக்குப் போனது. பிறகு முன்னால் நீண்டு, பாதியில் நின்றது.

"மேடம், நீங்க என்னைப் பாத்துதான் பேசறீங்க. அப்ப உங்க வலது பக்கம், என் இடது கைக்கு நேரா இருக்கும்" என்று சொல்லி, கையைச் சரியான இடத்தில் வைத்தாள்.

அந்த அம்மா சத்தம் காட்டாமல் திரும்பி நின்று, "இப்ப?" என்றார்.

"திரும்பிட்டீங்க மேடம், சத்தம் அந்தப் பக்கமா போகுது. இப்ப இங்க." கை மறுபக்கம் போய்ச் சரியாக நின்றது.

மதிப்பெண் தாளில் அவர் எழுதியதை எட்டிப் படித்துவிட்டு, வயதை மறந்து படியிறங்கி ஓடினேன். அக்கா காதில் மாட்டியிருந்ததைக் கழற்றினார். தேறிவிட்டாள் என்று சொல்லி, நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன். கேட்கக் கேட்க அவர் கண் நிறைந்து வழிந்தது. துடைத்துக்கொள்ளவில்லை.

"திரும்பி நின்னப்பவும் சரியா காட்டினாளா? அத நான் எங்கயுமே எழுதலயே சார்" என்றார். "அவளாவே கண்டுபிடிச்சிருக்கா."