பால் படிந்த கல்

மலேசியாவில் பீடோருக்குப் பக்கத்தில் நான் பிறந்து வளர்ந்த ரப்பர்த் தோட்டம் இப்போது எண்ணெய்க்காக வளர்க்கும் செம்பனைக்காடு. நாங்கள் குடியிருந்த லயத்து வீடுகளை இடித்துவிட்டார்கள். மிச்சம் இருப்பது கோயில் ஒன்றுதான். கோயிலை ஒட்டி ஓர் அரசமரம், மரத்தடியில் முழங்கால் உயரத்துக்கு ஒரு கல். நான் ஈப்போவில் சிலிபின் பக்கம் குடியேறி, ஓர் இடைநிலைப்பள்ளியில் சரித்திரம் சொல்லிக்கொடுக்கிறேன். ஆனாலும் மாதத்தில் ஒரு ஞாயிறு காரை எடுத்துக்கொண்டு அங்கே போய்விடுவேன். சாமி கும்பிடப் போகிறேன் என்றுதான் வீட்டில் சொல்வது. உண்மையில் அந்தக் கல்லைத் தொடத்தான் போகிறேன்.

அந்தக் கல்லுக்கு ஒரு தோல் உண்டு. பால் மரம் வெட்டிய பெண்கள், அதாவது ரப்பர் மரத்தைக் கீறிப் பால் இறக்கியவர்கள், வாளியில் பாலைச் சேர்த்துச் சுமந்துகொண்டு, அதை நிறுக்கும் ஸ்டோருக்குப் போகும் வழியில் அந்த மரம் இருந்தது. அங்கே வந்ததும் வாளியை இறக்கி வைப்பார்கள், விரலைப் பாலில் முக்கிக் கல்லின்மேல் ஓர் இழுப்பு இழுப்பார்கள், வாளியைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். யாரும் மந்திரம் சொல்லவில்லை, யாரும் தட்டு நீட்டவில்லை. வியர்த்து வழிந்த உடம்போடு, குளிக்காமல், தூரமான நாளிலும் தொட்டார்கள். ரப்பர்ப்பால் காயக் காயப் பழுப்பாகி, ஒன்றின்மேல் ஒன்றாகப் படிந்து, கல்லே கருத்த தோல் போர்த்தியதுபோல் ஆகிவிட்டது. என் அம்மாவின் விரலும் அதற்குள் எங்கேயோ இருக்கிறது. "இது எந்தச் சாமிம்மா?" என்று ஒருமுறை கேட்டேன். "அவதான்" என்றாள். அதற்குமேல் விளக்கம் கிடையாது. பாலை நிறுக்கப் போகும் அவசரம் அவளுக்கு.

அம்மா போய்ச் சேர்ந்துவிட்டாள். அவளுக்கு நாங்கள் எடுத்த நல்ல படம்கூட ஒன்று இல்லை. அதனால் அந்தக் கல்லை எடுக்கப்போவதாகக் கேட்டபோது என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

அதைக் கேட்டது கும்பாபிஷேகத்துக்கு முந்திய பொதுக்கூட்டத்தில். கோயில் தலைவர் எங்கள் லயத்துப் பையன்தான், என்னைவிடச் சின்னவன், ஈப்போவில் குளிர்சாதன ஏர்கோன் பொருத்தும் தொழில். என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவான். நல்லவன், ஆனால் மைக்கைக் கையில் கொடுத்துவிட்டால் ஆளே மாறிவிடுவான்.

"அந்தக் கல்ல எடுத்து ஆத்துல விட்டுடலாம்னு இருக்கோம். மரத்தச் சுத்தி சிமெண்டு போட்டா காரு காடியெல்லாம் நிறுத்தலாம்" என்றான்.

"ஏன்? கல் உன்ன என்ன பண்ணுச்சு?" என்றேன்.

"குருக்கள்கிட்ட கேட்டோம்கா. பிரதிஷ்டை பண்ணாத கல்லு சாமி கிடையாதாம். வெறும் கல்லுதான். அதுமேல ரப்பர் வேற ஒட்டிக்கிட்டு, பாக்கவே அழுக்கா கோத்தோரா இருக்கு லா. இன்னும் எஸ்டேட் ஆளுங்க மாதிரியே இருந்தா எப்படி? ஆகமப்படி இருக்கணும்."

நான் எழுந்து நின்றேன். நான் எழுந்தால் பாடம் நடத்துவேன் என்று எல்லாருக்கும் தெரியும், முன்வரிசையில் இருவர் கைப்பேசியைக் கையில் எடுத்துவிட்டார்கள். எடுக்கட்டும் என்று ஆரம்பித்தேன்.

சிந்துவெளியில் தோண்டி எடுத்த முத்திரைகளில் அரசிலை இருக்கிறது. மரத்துக்குள் ஓர் உருவம் நிற்கிறது, அதன் முன்னால் ஒருவர் மண்டியிட்டிருக்கிறார். அது ஆணா பெண்ணா, என்ன பெயர், யாருக்கும் தெரியாது. அந்த எழுத்தை இன்னும் யாரும் முடிவாகப் படித்துக் காட்டவில்லை. அதுதான் சிவன் என்று அடித்துச் சொல்கிறவர்களை நான் என் வகுப்பிலேயே விடுவதில்லை. ஆனால் மரத்தின் முன்னால் ஒருவர் மண்டியிட்டது தெரிகிறது, அது போதும். வேள்வித் தீயும் வேத மந்திரமும் தங்கள் வழியில் வந்தன. கோபுரமும் ஆகமமும் எவ்வளவோ காலம் கழித்துத்தான். மரத்தடிக் கல்லையும் பாம்புப் புற்றையும் ஊர் எல்லையில் நின்ற அம்மாவையும் வந்தவர்களால் ஒழிக்க முடியவில்லை, அதனால் உள்ளே சேர்த்துக்கொண்டார்கள். புத்தர் எந்த மரத்தடியில் உட்கார்ந்தார்? இதே அரசமரம். ஆரம்பத்தில் அவருக்குச் சிலை செய்யாமல் ஒரு மரத்தையும் அதன் கீழே ஆளில்லாத ஓர் ஆசனத்தையும்தான் கல்லில் செதுக்கி வைத்தார்கள். அதைக் கும்பிட்டவர்கள் யாரும் அழுக்கு என்று சொல்லவில்லை. வேறெங்கும் போக வேண்டாம், இதே பீடோரில் ஈயம் தோண்டிய இடத்தில் போதிசத்துவர் சிலை கிடைத்தது. நாம் கப்பலில் வந்து இறங்குவதற்கு எவ்வளவோ காலத்துக்கு முன்னால் இந்த மண்ணில் யாரோ அதைக் கும்பிட்டிருக்கிறார்கள்.

இவ்வளவையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன். பின்வரிசையிலிருந்து ஒருவர், "டீச்சர், சாப்பாடு ஆறுது" என்றார். எல்லாரும் சிரித்தார்கள்.

சிரித்தது எனக்குச் சுருக்கென்று தைத்தது. படித்த படிப்பெல்லாம் ஒரு மீகூன் நூடுல்ஸ் தட்டுக்கு முன்னால் தோற்றுப் போனது. சரி, உங்கள் வழிக்கே வருகிறேன் என்று நினைத்தேன்.

"வெறும் கல்தானே? ஆத்துல போடுறத எனக்குக் குடுங்க. வீட்டுக்குக் கொண்டு போறேன்" என்றேன்.

தலைவனுக்கு நிம்மதி. "ஆங், அதுக்கென்னக்கா, எடுத்துக்குங்க" என்றான். எதிர்ப்பு ஒன்றும் இல்லை. எல்லாரும் சாப்பிடப் போனார்கள். நான் கோயில் ஸ்டோரில் இருந்த கடப்பாரையை எடுத்துக்கொண்டு மரத்தடிக்குப் போனேன்.

அங்கே பீடோர் சந்தையில் காய்கறி விற்கும் சீனத்து அக்கா ஊதுபத்தியோடு நின்றிருந்தாள். புத்த மதக்காரி. சீன மாதக் கணக்கில் முதல் நாளும் பதினைந்தாம் நாளும் வந்து இந்த மரத்துக்கும் கல்லுக்கும் சேர்த்து ஊதுபத்தி ஏற்றுவாள். தோட்டத்துக்காரர்களோடு பழகிப் பழகித் தமிழ் பேசுவாள். சற்றுத் தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

கடப்பாரையால் குத்தக் குத்த மண் இளகிவிட்டது. கல் ஆடியது. கடப்பாரையைப் போட்டுவிட்டுக் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, கல்லை இரண்டு கையாலும் நெஞ்சோடு சேர்த்து அணைத்தேன். ரப்பர்த் தோல் கன்னத்தில் பட்டது. வெயிலில் காய்ந்து சூடாக இருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது, மறைக்கவும் இல்லை.

"அக்கா! அக்கா!" கையில் சாப்பாட்டுத் தட்டோடு தலைவன் ஓடி வந்தான். பின்னால் கமிட்டியே வந்தது. "அப்படிக் கட்டிப்புடிச்சுத் தூக்காதீங்க! குளிச்சீங்களா இல்லையா? பொம்பளைங்க சாமிய இப்படியெல்லாம் தொடக்கூடாது லா!"

நான் கல்லை விடாமல் அவனை நிமிர்ந்து பார்த்தேன்.

"எத?"

அவன் சாப்பாட்டுத் தட்டைக் கை மாற்றிப் பிடித்தான். "இல்லக்கா, சாமி இல்ல, ஆனா…"

"இப்பத்தான கல்லுன்ன? ஆம்பள ஆத்துல போட்டா கல்லு, நான் தொட்டா சாமியா? உங்க அம்மாவும் இதுல பால் தடவிட்டுத்தான் ஸ்டோருக்குப் போனாங்க. அவங்க என்ன, குளிச்சு முழுகி மடியாவா வந்தாங்க?"

ஒரு பெரியவர் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார், ஏன் என்று அவருக்கே தெரிந்திருக்காது. எனக்கு ஜெயித்துவிட்ட திமிர். கல்லைத் தூக்கிக் காரில் வைத்துவிடுவது என்று மறுபடி கையைக் கொடுத்தேன்.

அப்போதுதான் சீனத்து அக்கா வாயைத் திறந்தாள். "கல்லு நீ கொண்டு போறே. மரம் யார் கொண்டு போவா?"

எனக்கு உறைத்தது. இவர்களுக்கு வேண்டியது கல் இங்கிருந்து போவதுதான். ஆற்றுக்குப் போனால் என்ன, சிலிபினுக்குப் போனால் என்ன? அவர்கள் வேலையை நான் என் முதுகில் சுமந்து செய்து கொடுக்க இருந்தேன். கல்லை இருந்த குழியிலேயே இறக்கி, காலால் மண்ணைத் தள்ளி மிதித்தேன்.

"நான் எடுக்கல. நீங்களும் எடுக்க முடியாது. உங்க வாயாலயே சாமின்னு சொல்லிட்டீங்க."

அதற்குப் பிறகு ஒருவரும் கல்லை ஆற்றில் விடுவது பற்றிப் பேசவில்லை. சாமி என்று ஒருமுறை வாயில் வந்துவிட்டால் அதைத் தூக்கிப் போட எங்கள் ஆட்களுக்குத் துணிவு வராது. ஆனால் கமிட்டி சும்மா இருக்குமா? புதிதாக மதில் எழுப்பினார்கள், மரமும் கல்லும் மதிலுக்கு வெளியே போகும்படி அளந்து எழுப்பினார்கள். எனக்குக் கொடுத்த தண்டனையாம். எனக்கென்னவோ நல்லதாகப் போயிற்று. வெளியே இருக்கும் சாமிக்குக் கதவு கிடையாது, நடை சாத்தும் நேரம் கிடையாது, குளித்தாயா என்று கேட்கிற ஆளும் கிடையாது.

கும்பாபிஷேகத்தன்று கோபுரத்தில் ஏறிக் குடத்து நீரை ஊற்ற ஆட்கள் தயாராக இருந்தார்கள். யாரோ ஒய்பி, சட்டமன்ற உறுப்பினர், வரப்போகிறார் என்று பரபரப்பு. தலைவன் பட்டு வேட்டியில் வேர்த்துப்போய் என்னிடம் வந்தான். கையில் மடித்த மஞ்சள் துணி.

"அக்கா, கோச்சுக்காதீங்க. வாசல்ல படம் எடுக்குறாங்க. எந்தப் பக்கம் நின்னாலும் அந்தக் கல்லு விழுது. இன்னிக்கு மட்டும் இதப் போட்டு மூடிக்கலாம். அப்புறம் நானே எடுத்துர்றேன்."

அவன் கெஞ்சினான் என்பதை நான் ஒத்துக்கொள்ள வேண்டும். ஒரு நாள்தானே என்று வேறு ஒருத்தி விட்டுக்கொடுத்திருப்பாள். நான் பட்டுப் புடவையோடு போய்க் கல்லுக்குப் பக்கத்தில் சப்பணமிட்டு உட்கார்ந்து, அதன் தலையில் கையை வைத்துக்கொண்டேன். சீனத்து அக்கா வந்து மறுபக்கம் உட்கார்ந்தாள்.

"மூடு. எங்களையும் சேத்து மூடு" என்றேன்.

ஒய்பியின் கார் வந்து நின்றது.