கொடியில் காணாமல் போன நீலச் சட்டை

போன சனிக்கிழமை சுங்கை சிப்புட் வரை போயிருந்தேன், லெட்சுமி அக்காவைப் பார்க்க. ரப்பர் எஸ்டேட்டில் நாங்கள் இருந்த காலத்தில் தொழிலாளர் லயத்தில் பக்கத்து வீடு. இப்போது ஒரு தாமான் குடியிருப்பில் தனியாக இருக்கிறார். நான் அண்ணன் என்று கூப்பிடும் அவர் கணவர் தவறிப் பல வருடமாகிவிட்டது. சமூகநல உதவியில்தான் வண்டி ஓடுகிறது.

வாசலில் நின்றதுமே ஏதோ குறைவதாகப் பட்டது. ஆமாம்... கொடியில் எப்போதும் தொங்கும் அண்ணனின் நீலச் சட்டையைக் காணோம்!

அந்தச் சட்டை திருடனுக்காக. வீட்டில் ஆம்பளை இருக்கிறார் என்று அவன் நம்ப வேண்டுமாம். வாரா வாரம் அக்கா அதைத் துவைத்துக் காயப்போடுவார்.

"சட்டை எங்கக்கா?"

"அத ஏன் கேக்குற தம்பி... புருசன ஒளிச்சு வச்சிக்கிட்டு தனியா இருக்கேன்னு உதவி வாங்குறேனாம். யாரோ புகார் குடுத்துட்டாங்க லா."

பட்டப்பகலில் அரசாங்க வேன் வந்திருக்கிறது. வரிசை வீடு மொத்தமும் வாசலுக்கு வந்துவிட்டது. அதிகாரிகள் சட்டையைப் பார்த்தார்கள். அலமாரியைத் திறந்து பார்த்தார்கள். அண்ணனின் இறப்புச் சான்றிதழையும் பார்த்தார்கள். தப்பு ஒன்றும் இல்லை என்று அக்காவிடம் மெல்லச் சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டார்கள்.

உதவி நிற்கவில்லை. ஆனால் வெள்ளிக்கிழமை கோயில் பொங்கலுக்கு அக்காவைக் கூப்பிடுவது நின்றுவிட்டது. பத்து வருடமாக அவர் கைப் பொங்கல்!

"வந்தத எல்லாரும் பாத்தாங்க. தப்பில்லன்னு சொன்னத யாரு கேட்டா? ஆபீசுக்கே போயி, நாலு பேருக்குத் தெரியச் சொல்லுங்கய்யான்னு கேட்டேன். விசாரணை ரகசியமாம்!"

வேன் வந்தது மட்டும் ரகசியமில்லையா?

எனக்கு எஸ்டேட் பெரட்டு ஞாபகம் வந்துவிட்டது. விடியலில், வேலைக்குப் போகுமுன் எல்லோரும் வரிசையாக நிற்கும் இடம். ரப்பர் பாலில் தண்ணீர் கலந்ததாக ஒருநாள் கணக்குப் பார்க்கும் கிராணி அங்கேதான் என் அம்மாவைத் திட்டினார். அம்மா அன்று சாப்பிடவே இல்லை. பிறகு விசாரித்ததில், அம்மா பால் வெட்டிய மர நிரையில் மட்டும் தூறல் விழுந்து கோப்பைகளில் தண்ணீர் சேர்ந்தது தெரியவந்தது. மறுநாள் அதே பெரட்டில், அதே சத்தத்தில் கிராணி சொன்னார்:

"அஞ்சலை மேல தப்பில்ல. மழை மேலதான் தப்பு."

பெரட்டே சிரித்தது. அம்மாவும் சிரித்துக்கொண்டே வாளியைத் தூக்கினார். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றும் நெஞ்சு நிறைகிறது. எஸ்டேட் வாழ்க்கை சொர்க்கமில்லை. ஆனால் எங்கே பழி சொன்னார்களோ, அங்கேயே அதைத் துடைத்துவிட்டுப் போனார்கள்.

விசாரணையே வேண்டாம் என்கிறேனா? கட்டாயம் வேண்டும். ஏமாற்றி வாங்குபவன் தின்பது இன்னொரு ஏழையின் சோற்றை. பிடிபட்டவர்களைப் பற்றிச் செய்தி வருகிறது, வரட்டும். வெறும் புகாராகிப் போனவை எத்தனை என்றும் சொல்லலாமே? அக்காவைப் போல் கேட்டு வருபவருக்காக ஒருமுறை திரும்பி வந்து, வாசலில் நின்று, நாலு பேர் காதில் விழச் சொன்னால் என்ன குறைந்துவிடும்?

கிளம்பும்போது கேட்டேன், "சட்டைய மறுபடி போடலையாக்கா?"

"பயமா இருக்கு தம்பி. உள்ள மடிச்சு வச்சிட்டேன்."

அந்த வீட்டில் ஆண் இல்லை என்பது இப்போது திருடனுக்குக்கூடத் தெரியும். அக்கம்பக்கத்துக்குத்தான் இன்னும் தெரியவில்லை.