தம்பியின் அதிர்ஷ்டப் பல்

கிட்வாய் நகர் குவார்ட்டர்ஸில் கவிதாவைப் போலப் பல் தேய்க்கிற பெண் இன்னொருத்தி இருக்க முடியாது. ஒன்பதாம் வகுப்புதான் படிக்கிறாள். காலையிலும் ராத்திரியிலும் கண்ணாடி முன்னால் நின்று, மூலை முடுக்கெல்லாம் தேய்ப்பாள். தம்பி கௌதமன் ஏழாம் வகுப்பு. அவன் பிரஷ்ஷைக் குழாயில் நனைத்து, அப்படியே திரும்ப வைத்துவிடுவான். அம்மா அம்சவேணி வந்து தொட்டுப் பார்ப்பாள். ஈரம் இருக்கும். "என் ராசா!" என்பாள். கவிதாவுக்கு வயிறு எரியும்.

அந்த எரிச்சலில் நெய் ஊற்றியது அவனுடைய மேல்வரிசைப் பல். முன்பற்கள் இரண்டுக்கும் நடுவில் புதிதாக ஒரு சந்து விழுந்திருந்தது. முன்பல்லில் சந்து இருந்தால் அதிர்ஷ்டம் என்பது அம்சவேணியின் ஊர்ப் பேச்சு. அதற்கு ஏற்றாற்போல, குவாஹாட்டிக்குப் போக வேண்டிய அப்பா ஜோதிலிங்கத்தின் டிரான்ஸ்ஃபரும் அப்போதுதான் ரத்தானது. கேட்க வேண்டுமா!

"எல்லாம் எம்புள்ள பல்லு வந்த நேரம்" என்று காய்கறி வண்டிக்காரர் வரைக்கும் அரைகுறை ஹிந்தியில் சொல்லியாயிற்று.

கௌதமன் சும்மா இருப்பானா? வாயில் தண்ணீரை நிரப்பிக்கொண்டு சந்து வழியாகப் பீய்ச்சுவான். பால்கனிக் கதவிலிருந்து துளசித் தொட்டி வரைக்கும் போகும். "அரே அக்கா, உன்னால முடியுமா?" பாத்ரூமைத் தாழ் போட்டுக்கொண்டு கவிதாவும் முயன்றுபார்த்தாள். தண்ணீர் தாடையில் வழிந்ததுதான் மிச்சம்.

இப்படி இருக்கும்போதுதான் அவளுடைய கீழ் முன்பல் ஒன்று ஆட ஆரம்பித்தது. ரொட்டியைக் கடித்தால் நகர்ந்து கொடுத்தது.

"இந்த வயசுல என்னடி, பால்பல்லா?" என்று சிரித்தார் அப்பா.

"ஒழுங்காத் தேய்ச்சாத்தானே?" என்றாள் அம்மா.

"நானா தேய்க்கல? நானா?" குரல் உடைந்துவிட்டது கவிதாவுக்கு. நாற்காலிக்குப் பின்னாலிருந்து கௌதமன் சந்து வழியாக விசில் அடித்தான்.

பல் டாக்டர் விசாலாக்ஷி தமிழ்க்காரர். கவிதாவின் ஈறைச் சுற்றி மெல்லிய கம்பியால் அளந்தார், எக்ஸ்ரே எடுத்தார், அம்சவேணியை உட்காரச் சொன்னார்.

"கொழந்தை நன்னாத்தான் தேய்ச்சிண்டிருக்கா. சொத்தை ஒண்ணுகூட இல்லை. ஆனா, பல்லைப் பிடிச்சிண்டிருக்கற எலும்பு கரைஞ்சிண்டிருக்கு. இந்த முன்பல்லுகிட்ட, அப்புறம் பின்னாடி கடவாய்ப்பல்லுகிட்ட."

"எப்படி டாக்டர்? ஒரு நோய்நொடி கிடையாதே இவளுக்கு!"

"நல்ல ஆரோக்கியமான கொழந்தைகள்லயும் சில பேருக்கு இப்படி வரும். ஈறுக்கு அடியில ஒரு கிருமி. வெளில பாத்தா ஒண்ணுமே தெரியாது. அவ தப்பு இல்லை." பிறகு கேட்டார்: "கூடப்பொறந்தவா உண்டா? ஒரே குடும்பத்துல வரலாம். அவாளையும் பாத்துடணும்."

அம்சவேணி சிரித்தே விட்டாள். "அவனுக்கா! கரும்பைப் பல்லாலேயே உரிப்பான் டாக்டர். அது அதிர்ஷ்டப் பல்லு. பரீட்சை வேற வருது, அப்புறம் பாக்கலாம்."

என் பல் ஆடுகிறது, இங்கேயும் அவன் பல்லுக்குத்தான் பாராட்டு! கவிதாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்தச் சந்தை எப்படியாவது சந்தி சிரிக்க வைக்க வேண்டும். அவ்வளவுதான் அவள் நினைத்தது.

"அந்தச் சந்து போன வருஷம் கிடையாது டாக்டர். கோடை லீவுக்கு அப்புறந்தான் விழுந்துச்சு."

"ஏன்டி, அவன்மேல கண்ணு வைக்கிற?"

வைத்தாள்தான். ஆனால் டாக்டரின் பேனா நின்றுவிட்டது.

"முன்னாடி ஒட்டிண்டிருந்ததா? இப்போ பெரிசாயிண்டே வரதா?"

"ஆமா. மொதல்ல தண்ணி சொட்டுச் சொட்டாத்தான் வந்துச்சு. இப்ப துளசித் தொட்டி வரைக்கும் பீய்ச்சறான்."

"நாளைக்கே அழைச்சிண்டு வாங்கோ" என்றார் டாக்டர். அம்சவேணியின் சிரிப்பு அடங்கிவிட்டது.

மறுநாள் எக்ஸ்ரேயில் அது இருந்தது. கௌதமனின் முன்பல் ஓரத்தில், அக்காவுடையது போலவே, எலும்பு கரைந்த ஒரு சின்ன இடம். கவிதாவுக்கு ஒரு நொடி 'நல்லா வேணும்!' என்றுதான் இருந்தது. அப்புறம் அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். அந்த நொடி எங்கே போனதென்றே தெரியவில்லை.

"அதிர்ஷ்டம் அதிர்ஷ்டம்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேனே" என்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள் அம்சவேணி.

"அழாதீங்கோ. இவனுக்கு ஆரம்பத்துலயே பிடிச்சாச்சு. சுத்தம் பண்ணி மருந்து கொடுத்தா, இவன் பல்லு ஆடவே ஆடாது. உங்க பொண்ணு சொல்லலேன்னா தெரிஞ்சிருக்காது."

"அப்ப எனக்கு?" என்றாள் கவிதா.

"உனக்கும் நிறுத்திடலாம்மா. போன எலும்பு எவ்வளவு திரும்பும்னு பொறுத்துத்தான் பாக்கணும்."

அவன் பல் ஆடவே ஆடாதாம். அவள் பொறுத்துப் பார்க்க வேண்டுமாம். கடைசியில் அந்தச் சந்து அவனுக்கு அதிர்ஷ்டமாகவே போய்விட்டதே! அம்மா அவள் தலையைத் தடவி, "நல்ல வேளை சொன்னடி" என்றபோது பொறாமை கொஞ்சம் தணிந்தது. முழுசாகப் போகவில்லை.

ஈறுக்கு அடியில் சுத்தம் செய்கிற நாள் வந்தது. கவிதா முதலில் உட்கார்ந்தாள், ஊசியைப் பார்த்தாள், கண்ணை மூடினாள், முடித்துக்கொண்டு எழுந்தாள். அடுத்து கௌதமன். நாற்காலி சாய்ந்ததுமே அலறினான்.

"அக்கா வரட்டும்! அக்கா கையப் பிடிச்சாத்தான்!"

எனக்கு யார் பிடித்தார்கள்? அம்மாகூட வெளியே அவனைச் சமாதானப்படுத்திக்கொண்டுதானே இருந்தாள்? மரத்துப்போன உதட்டோடு கவிதா வந்தாள். அவன் கையைப் பிடித்தாள். இத்தனை வருஷத்து எரிச்சலையும் சேர்த்துப் பிடித்தாள்.

டாக்டர் வேலையை முடித்து, "வலிச்சதாடா?" என்று கேட்டார்.

"பல்லு வலிக்கல ஆன்ட்டி," என்றான் கௌதமன், வாய் கோணியபடி. "கைதான் வலிக்குது. விடு அக்கா!"

அவள் விடவில்லை. ஆட்டோ வரைக்கும் அப்படியே இழுத்துக்கொண்டு போனாள்.